கடைசிப் பக்கம் போய்த் திரும்புகிறவர்

முதலில் அந்த விரலைச் சொல்ல வேண்டும். வலது கை ஆள்காட்டி விரல், நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார். மவுஸின் சக்கரத்தை விட்டு அந்த விரல் விலகி நான் பார்த்தது குறைவு. யாராவது பேச வந்தால் முகத்தை அவர்கள் பக்கம் திருப்புவார், விரல் மட்டும் உருட்டிக்கொண்டே இருக்கும். காலையில் வந்ததும் பையை நாற்காலியில் மாட்டி, கம்ப்யூட்டரைப் போட்டு, ஒரு பத்திரத்தைத் திறப்பார். ஒரு வரிகூட வாசிக்க மாட்டார். கரகரவென்று கடைசிப் பக்கம்வரை உருட்டிக்கொண்டு போய் அங்கே கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு அதே வேகத்தில் முதல் பக்கத்துக்கு வருவார். அதன் பின்தான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடிப்பார். அவருடைய நாள் அப்படித்தான் தொடங்கும்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இப்போது அவர் எங்களோடு இல்லை. செங்கோட்டையில் சொந்தமாக ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகக் கேள்வி.

எங்கள் அலுவலகம் தென்காசியில் குற்றாலம் போகும் சாலையில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இருந்தது. மொத்தம் எட்டுப் பேர். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். மலை மேல் மேகம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தே அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று சொல்லிவிடுவார்கள். பத்திர எழுத்தர்களுக்காக ஒரு எடிட்டர் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். விற்பவர், வாங்குபவர், சாட்சி, சொத்து விவரம் என்று கிரயப் பத்திரத்துக்குரிய எல்லாப் பகுதியும் அதிலேயே தயாராக இருக்கும். வேண்டியதை அடித்துப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். அதை ஆரம்பித்த முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம்.

நான் அங்கே சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. என் அம்மா பீடி சுற்றுகிறவள். அப்பா சுரண்டை காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போனதும், கம்ப்யூட்டரில் பட்டம் வாங்கியதும், ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறதும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. அன்று கூச்சம் இல்லாததோடு கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அக்கா பத்தாம் வகுப்பு. வீரகேரளம்புதூர் ரிஜிஸ்தர் ஆபீஸ் எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் பதினொரு வருடம் டைப் அடித்தவர். நாங்கள் செய்வதை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வதற்காக அண்ணாச்சி அவரைக் கூட்டிவந்திருந்தார். நான் எழுதும் புரோகிராமில் பத்தாம் வகுப்பு படித்தவர் குறை கண்டுபிடிப்பதா என்று எனக்கு உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. அதை மறைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு முதல் வாரமே தெரிந்திருக்கும்.

எனக்குக் கிடைத்த முதல் வேலையே மவுஸ் சக்கரம்தான். கேட்டால் அற்பமாகத் தோன்றும். சக்கரத்தை உருட்டினால் பக்கம் நகர வேண்டும், அவ்வளவுதானே என்று நானும் நினைத்தேன். இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். சக்கரம் ஒரு பல் நகர்ந்தால் எத்தனை வரி நகர வேண்டும்? மேல் ஓரத்தில் பாதி வரி நின்று எழுத்தின் தலை வெட்டுப்படக் கூடாது. வேகமாக உருட்டினால் பக்கம் வழுக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டும், ஆனால் நிறுத்த நினைத்த இடத்தைத் தாண்டிவிடக் கூடாது. மூன்று வாரம் அதிலேயே கிடந்தேன். கடைசியில் பக்கம் எண்ணெய் போட்டது போல ஓடியது.

அதோடு விட்டிருக்கலாம். நான் ஒன்றைச் சேர்த்தேன். சொத்து விவரத்தில் சர்வே எண்ணுக்கும் உட்பிரிவு எண்ணுக்கும் தனித்தனிப் பெட்டிகள் இருந்தன. மவுஸின் அம்பு அந்தப் பெட்டி மேல் இருக்கும்போது சக்கரத்தை உருட்டினால், பக்கம் நகராமல் பெட்டிக்குள் இருக்கும் எண் கூடும் அல்லது குறையும். டைப் அடிக்கத் தேவையில்லை, ஒரு விரலில் எண்ணை மாற்றிவிடலாம். பெட்டியிலேயே மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, மூன்று பல் நகர்ந்ததும் பெட்டி விட்டுவிடும்படி செய்திருந்தேன். பிறகு பக்கம் வழக்கம் போல ஓடும். மாற்றியதெல்லாம் தானாகவே சேமித்துக்கொள்ளும். யாரும் கேட்காமல் நானாகக் கண்டுபிடித்தது அது. அண்ணாச்சி உருட்டிப் பார்த்துவிட்டு, படிச்ச பிள்ளை படிச்ச பிள்ளைதான் என்று எல்லோர் முன்பும் சொன்னார். அன்று மாலை வாழைக்காய் பஜ்ஜி வரவழைத்தார். அக்காவும் ஒன்று எடுத்துக்கொண்டார். இடது கையால்தான் எடுத்தார், வலது கை வேலையாக இருந்தது.

மறுநாள் காலை அவர் என்னைக் கூப்பிட்டு, உருட்டும்போது ஓரிடத்தில் இடறுகிறது என்றார்.

"எங்கக்கா?"

"கடைசிப் பக்கத்துக்கிட்ட. கல்லுல கால் தட்டுன மாதிரி ஒரு நொடி நிக்கி. பொறவு போயிருது."

நான் வந்து உருட்டினேன். அம்பு பக்கத்தின் ஓரத்தில் கிடந்தது, எனக்கு இடறவில்லை. மவுஸ் பழசு, உள்ளே தூசி அடைத்திருக்கும் என்றேன். புது மவுஸ் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து அதே குறையைக் குறைப் பட்டியலில் முறையாக எழுதினார். நானும் முறையாக, மவுஸ் கோளாறு என்று எழுதி மூடினேன். அவர் மறுபடி எழுதியபோது வாசிக்கவேயில்லை. முன்பு எழுதிய பதிலை அப்படியே எடுத்து ஒட்டினேன்.

இடறலை அவர் கண்டுபிடித்ததில் ஆச்சரியம் இல்லை. போய்த் திரும்புவது அவருக்குப் பத்திரத்தில் மட்டும் இல்லை, எல்லாவற்றிலும் இருந்தது.

ஒரு ஆனி மாதம் நல்ல சாரல். அலுவலகமே ஐந்தருவிக்குப் போனது. நாங்கள் பெண்கள் எல்லோரும் ஓடிப்போய்த் தண்ணீருக்குள் நின்றோம். அக்காவைக் காணவில்லை. பார்த்தால் பழக்கடைகள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் எல்லாரையும் தாண்டி, தண்ணீர் வெளியேறுகிற ஓடையோரம் குடையைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். கண்ணுக்கு எட்டும்வரை போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அதன் பின் அருவியில் நின்றவர் முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை.

எங்களோடு வேலை பார்த்த இன்னொரு பெண், இதே தண்ணிதான அங்கனயும் போவுது, அதப் போயி என்னத்தப் பாத்தீங்க என்று கிண்டலாகக் கேட்டாள்.

"எங்க போயி முடியுதுன்னு தெரியாம தலையக் குடுக்க எனக்கு மனசு வராதுட்டி," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பேருந்தில் நடுவில் இறங்க வேண்டியவர், ஏறியதும் கண்டக்டரிடம் கடைசி ஸ்டாப் எது என்று கேட்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் மொய் எழுதும் மேஜைக்கு முன்னால் பந்தி நடக்கும் இடத்தையும் பின்வாசலையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவார். செல்போனில் யாராவது நீளமாக எழுதி அனுப்பினால் கீழிருந்து மேலே வாசிப்பார். கல்யாணம் ஆகாதவர். அதற்கும் எங்களிடம் ஒரு கிண்டல் உண்டு: மாப்பிள்ளையோட கடைசிக் காலத்தப் பாத்துட்டுத்தான் கழுத்த நீட்டுவாவ போல. அவர் காதில் விழும்படியே சொல்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

பிறகு எங்கள் மனை வந்தது.

எங்கள் ஊர் எல்லையில், தார்ச் சாலையை ஒட்டி இரண்டரை சென்ட் இடம். ஒரு விவசாயி விற்கிறேன் என்றார். அதை அம்மா பெயரில் வாங்கலாம் என்றார் அப்பா. அம்மா பெயரில் அதுவரை இருந்தது ரேஷன் கார்டில் ஒரு வரி மட்டும்தான். அந்தப் பத்திரம் என் எடிட்டரில்தான் தயாராக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். வீரகேரளம்புதூரில் அக்கா முன்பு வேலை பார்த்த அந்த எழுத்தரே எங்கள் எடிட்டரை வெள்ளோட்டமாக ஒன்பது நாளாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். அதனால் அவரிடமே பதிவுக்கு ஏற்பாடு செய்தோம். பத்திரத்தை அடித்துக் கொடுக்க அக்காவைக் கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அடித்துக் கொடுத்தார். அடித்து முடித்ததும் வழக்கம் போலக் கடைசிவரை போய்த் திரும்பினார். மூலப் பத்திரத்தோடு ஒத்துப் பார்த்தார். உட்பிரிவு எண் மூன்று. சரியாக இருந்தது.

அன்று சாயங்காலம் லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவுக்குக் காட்டினேன். முறத்தில் பீடி இலையோடு உட்கார்ந்திருந்தவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் பெயர் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினேன். பிறகு மவுஸைப் பிடித்து, நான் செய்த சக்கரம் எப்படி ஓடுகிறது பார் என்று கடைசிப் பக்கம்வரை ஒரே ஓட்டமாக உருட்டினேன். அம்மா வாயைப் பிளந்து பார்த்தாள். அவ்வளவுதான். லேப்டாப்பை மூடிவிட்டேன்.

காலையில் அதையே அலுவலகத்தில் பிரதி எடுத்துக்கொண்டு நேராகப் பதிவுக்குப் போனேன்.

எழுத்தரின் கடையில் எல்லோரும் கூடியிருந்தோம். அப்பா, அம்மா, மனையை விற்கும் பெரியவர், சாட்சி இரண்டு பேர். பெரியவர் கையெழுத்துப் போட மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் பெருவிரலில் எழுத்தர் மை தடவிவிட்டிருந்தார். அப்போது அக்கா உள்ளே வந்தார். லீவு போட்டுவிட்டு, பேருந்து பிடித்து வந்திருக்கிறார். நான் அவரைக் கூப்பிடவே இல்லை.

"எக்கா, கைய வைக்காதீங்க. கடைசிப் பக்கத்த ஒருக்கா நான் பாத்துக்கிடுதேன்," என்றார் அம்மாவிடம்.

அம்மா பெருவிரலைக் காற்றில் தூக்கியபடி நின்றாள்.

அக்கா பத்திரத்தைப் பின்னாலிருந்து புரட்டினார். விரலை ஓரிடத்தில் வைத்தார். மூலப் பத்திரத்தைக் கேட்டு வாங்கினார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல மூணு. இங்கன ஆறுன்னு கெடக்கு."

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "ஆறு எங்க அண்ணன் கெணறு கெடக்க எடம்லா. அத நான் எப்பிடி விக்கது? அவன் என்னய வெட்டிப் போட்டுருவான்."

"அப்பம் கெணத்துக்குள்ளயா நாங்க வீடு கெட்ட?" என்றாள் அம்மா. ஒருவர் சிரித்தார்.

இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் கைநாட்டு விழுந்திருக்கும். அப்பா இருபது வருடம் முதுகில் சுமந்தது, அம்மா விரல் தேய்ந்தது எல்லாம் யாரோ ஒருவருடைய கிணற்றின் எண்ணுக்குக் கீழே பதிவாகியிருக்கும். அதை நினைத்த பயத்தில் நான் செய்தது இது: அக்கா பக்கம் திரும்பி, நீங்கதான அடிச்சீங்க என்றேன். என் பிழையாக இருக்கும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அத்தோடும் நிற்கவில்லை.

"பத்தாங்கிளாஸ் படிச்சவங்கள வச்சி வேல வாங்குனா இப்பிடித்தான் ஆவும்."

அம்மா பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். மை பூசிய விரலை இறக்காமல் என்னையே பார்த்தாள். அந்த வார்த்தை அவள் மேலும் விழுந்தது என்று எனக்கு உறைக்க வெகு நேரம் ஆயிற்று.

"நான் மூணுதான் அடிச்சேன்," என்றார் அக்கா. குரல் உயரவில்லை. பத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய், எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

எழுத்தர் எழுந்து என்னைக் கடைக்குப் பின்புறம் கூப்பிட்டார். அறுபது வயதிருக்கும். திருநீறு அழியாத நெற்றி. இவரும் அக்காவைக் குறை சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அவ தப்பா அடிக்க மாட்டா," என்றார். "ஏன்னு ஒனக்குத் தெரியாது."

அவர் சொன்னதை நான் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்கா அவரிடம் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது வருடம், அக்காவின் அண்ணன்மார் இரண்டு பேரும் வந்தார்கள். அப்பா விட்டுப்போன வயலில் தங்கையின் பங்கை அவள் விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும். அக்காவுக்கும் தெரிந்துதான் இருந்தது, சம்மதமும் இருந்தது. தன் பத்திரத்தைத் தானே அடித்தார். மூன்று பக்கம் அடித்துவிட்டுச் சாப்பிடப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் நான்காம் பக்கத்தை, அதாவது எந்தெந்தச் சொத்து என்று எழுதும் கடைசிப் பக்கத்தை, எழுத்தரே அடித்துச் சேர்த்துவிட்டார். அதில் வயலோடு வீடும் இருந்தது. அக்கா தன் அம்மாவோடு குடியிருந்த வீடு. பக்கங்களின் ஓரத்தை மட்டும் தூக்கித் தூக்கிக் காட்டினார்கள். அக்கா நான்கிலும் கையெழுத்துப் போட்டார். அவருடைய அம்மா இறந்து ஆறு மாதம் ஆனதும் அண்ணன்மார் வந்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள்.

"ஒங்களுக்குத் தெரியுமா சார், வீடு சேந்துருக்குன்னு?" என்று கேட்டேன்.

"அடிச்சதே நான்தான," என்றார்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு மேலும் சொன்னார். அதற்குப் பிறகும் அக்கா அவரிடம் ஆறு வருடம் வேலை பார்த்தார். சண்டை போடவில்லை, அழவில்லை. ஒன்றே ஒன்று செய்தார். கையெழுத்துப் போட எந்தப் பெண் வந்தாலும் எழுந்து வந்து, கடைசிப் பக்கத்தை அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். அண்ணன், தம்பி, புருஷன் யார் நின்றாலும் சரி. எத்தனையோ பேர் அதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாமல் போயிருக்கிறார்கள்.

"எனக்கு வார பத்திரம் பாதி போச்சி. ஆனா அவள நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரல. என்ன மூஞ்சிய வச்சிச் சொல்ல?"

திரும்பி வரும்போது பேருந்தில் அக்கா முன்னால், நான் பின்னால். பதிவை வேறு நாளுக்குத் தள்ளிப் போட்டிருந்தோம். எழுத்தர் சொன்னதைக் கேட்டு மனம் கலங்கியிருந்தாலும் தவறு அக்காவுடையதுதான் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தேன். நல்லவர், பாவப்பட்டவர், ஆனால் தவறாக அடித்துவிட்டார் என்று. அலுவலகத்துக்கு வந்ததும் அண்ணாச்சியிடம் அதைத்தான் சொன்னேன். ஃபைலைத் திறந்து காட்டுகிறேன், நீங்களே பாருங்கள் என்றேன். அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

பத்திரத்தைத் திறந்தேன். முதல் பக்கம். அம்பு திரையின் நடுவில் நின்றது. வேகமாக உருட்டினேன். கடைசிப் பக்கம் வந்தது. கல்லில் கால் தட்டியது போல ஒரு நொடி நின்றது. பிறகு நகர்ந்தது.

இடறல். எனக்கே இடறியது.

உட்பிரிவுப் பெட்டியைப் பார்த்தேன். காகிதத்தில் ஆறு இருந்தது. திரையில் ஒன்பது இருந்தது.

யாரும் எதையும் தொடவில்லை. சக்கரத்தை உருட்டிய விரல் என்னுடையது. பக்கம் ஓடும்போது நடுவில் இருந்த அந்தப் பெட்டி அம்புக்குக் கீழே வந்த நொடியில் சக்கரம் பக்கத்தை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டது. மூன்று பல். மூன்று எண். விட்டது. பக்கம் ஓடியது. முந்தைய நாள் அம்மாவுக்கு முன்னால் நான் பெருமையாக உருட்டியபோது மூன்று ஆறானது இப்படித்தான். அம்மாவின் மனையைக் கிணற்றுக்குள் தள்ளியது நான். அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே தள்ளியிருக்கிறேன்.

அண்ணாச்சி என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அக்காதான் முதலில் பேசினார். "அப்பம் மவுஸ் பழசு இல்ல போல," என்றார்.

அக்கா தினமும் உருட்டியும் எண் ஏன் மாறவில்லை என்று அன்று யோசிக்க யோசிக்கத்தான் விளங்கியது. கீழே போகும்போது மூன்று கூடும், மேலே வரும்போது மூன்று குறையும். போய்த் திரும்புகிறவருக்கு எண் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஒரு வழியாகப் போய் நிறுத்துகிறவர்களுக்குத்தான் மாறும். உலகத்தில் எல்லோரும் ஒரு வழியாகப் போகிறவர்கள். எங்கள் குறைகளைக் கண்டுபிடிக்க உட்காரவைத்த ஒரே ஆள் மட்டும் திரும்பி வருகிறவர். அவருக்கும் கையில் அந்த இடறல் மட்டும் தட்டுப்பட்டது. அதைத்தான் மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் நான் மூடினேன்.

பிறகுதான் எழுத்தரின் கடை ஞாபகம் வந்தது. அங்கே ஒன்பது நாளில் எத்தனை பத்திரம்? அண்ணாச்சி போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். பதினொன்று இருந்தன. அக்காவும் நானும் இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்தையும் மூலப் பத்திரத்தோடு வைத்துப் பார்த்தோம். அவர் வாசிப்பார், நான் சரிபார்ப்பேன். நான்கில் எண் மாறியிருந்தது. மூன்று இன்னும் பதிவாகவில்லை. ஒன்று பதிவாகிவிட்டது. வாங்கியவர்கள் ஒரு வயதான தம்பதி. அண்ணாச்சி விற்றவரையும் அவர்களையும் வண்டி வைத்துக் கூட்டிவந்து பிழை திருத்தல் பத்திரம் பதிய வைத்தார். அந்தப் பாட்டையா என்னிடம், எதுக்குத்தா திரும்பவும் கையெழுத்து என்று கேட்டார். நான் எழுதுனதுல ஒரு தப்பு தாத்தா என்றேன். இவ்வளவு சின்னப் பிள்ளையா எழுதுது என்று அதிசயமாகப் பார்த்தார். அவர் என்னைக் கை நீட்டி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அம்மாவின் பத்திரம் அடுத்த வாரம் பதிவானது. கடைசிப் பக்கத்தை அக்கா அவளுக்குச் சத்தமாக வாசித்தார். அம்மா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். அதற்குப் பிறகுதான் விரலை வைத்தாள். எழுத்தர் மேஜையின் அந்தப் பக்கம் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. பதினொரு பத்திரம் பார்த்த அந்த இரண்டு நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பத்திரம் முடியும்போதும் இப்போது கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். பத்தாங்கிளாஸ் என்ற அந்தச் சொல்லை மறுபடி வாயில் எடுக்காமல் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

பெட்டியில் எண் மாறுவதை எடுத்துவிட்டேன். நான் பெருமைப்பட்டதை ஒரே நாளில் அழித்தேன். இனி சக்கரம் பக்கத்தை மட்டும் நகர்த்தும், எதன் மேல் அம்பு நின்றாலும் சரி. சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு நீளமான பத்திரம் வேண்டியிருந்தது. அக்கா சாப்பிடப் போயிருந்தார். அவருடைய கம்ப்யூட்டரில், தினமும் காலையில் அவர் திறக்கும் அந்தப் பத்திரம் இருந்தது. அது பொய்ப் பெயர்கள் போட்ட சோதனைப் பத்திரம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அதைத் திறந்தேன். அம்பை நடுவில் வைத்து உருட்டினேன். ஓரிடத்திலும் இடறவில்லை. கடைசிப் பக்கத்தில் நிறுத்தி, முதல் தடவையாக வாசித்தேன்.

விடுதலைப் பத்திரம். நான்கு பக்கம். எழுதிக் கொடுப்பவர் இடத்தில் அக்காவின் பெயர்.

ஆய்க்குடிக்குப் பக்கத்து ஊர். ஓட்டு வீடு, அதன் சர்வே எண், உட்பிரிவு எண். கிழக்கே பொதுப் பாதை. மேற்கே வாய்க்கால். வடக்கே பெரிய அண்ணனின் தொழுவம். தெற்கே காலி மனை.

ஒவ்வொரு காலையும் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் இவர் போய் நின்ற இடம் இதுதான். நான் அதை மவுஸ் கோளாறு என்று எழுதி மூடியிருக்கிறேன்.

பின்னால் டிபன் பாக்ஸ் வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பினேன். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"வாசிச்சிட்டியா?" என்றார்.

தலையாட்டினேன். "எக்கா, நான் அன்னைக்கி..." என்று தொடங்கினேன்.

அவர் குனிந்து திரையில் ஓரிடத்தை விரலால் தொட்டார். "தெக்க காலி மனைன்னு போட்டுருக்காவ. அங்கன ஒரு வேம்பு உண்டு. எங்கம்ம வச்சது. அத எழுதாம விட்டுட்டாவ."

நான் சக்கரத்திலிருந்து கையை எடுக்கப் போனேன். அவர் என் கை மேல் தன் கையை வைத்து நிறுத்தினார்.

"இங்கனயே விட்டுட்டுப் போவாத," என்றார். "மேல கொண்டு போயி விடு."

உருட்டினேன்.